குட்டியானையில் என்ன லோடு

விடியற்காலை மூன்றரை. தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
ஏலக்காரனின் தொண்டை கிழிகிற நேரம்.
சாளை பதினான்கு கூடை, நெத்திலி ஐந்து,
பெயர் சொல்ல முடியாத கலப்பு ஒரு கூடை,
ஒன்பது பெண்கள்.
எனக்கு லைசென்ஸ் உண்டு, பெர்மிட் உண்டு.
பெர்மிட்டில் உள்ள சொல் சரக்கு.

கடலில் எனக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை.
வள்ளத்தை இறக்குவோம், அது மிதந்ததும் நாங்கள் கேறுவோம்.
திரும்பி வந்தால் நாங்கள் இறங்குவோம்,
இடுப்பளவு தண்ணீரில் நின்று
வள்ளத்தைக் கரைக்குக் கேற்றுவோம்.
ஒன்று ஏற ஒன்று இறங்க
இருபது வருடம் பிழையில்லாமல் போயிற்று.
பிறகு முதுகெலும்பு.
பிறகு தவணையில் இந்தக் குட்டியானை.

சாலையில் வேறு சொற்கள்.
ஆள் என்றால் சவாரி, மூட்டை என்றால் லோடு.
ஆட்டோக்காரனுக்கு ஓட்டம், லாரிக்காரனுக்கு நடை,
பஸ்காரனுக்கு சிங்கிள்.
எங்கள் ஆற்றில் பனியடிமை கடத்து வள்ளம் வைத்திருந்தான்.
கல்யாணப் பத்திரிகையிலும் அவன் பெயருக்கு முன்னால்
கடத்துக்காரர் என்று போட்டார்கள்.

புதுக்கடை முக்கில் கை காட்டினார்கள்.
டார்ச்சை என் முகத்தில் அடித்து
"கடத்தலா?" என்றார் ஏட்டு.
அவர் கேட்டது ரேஷன் அரிசியை.
"மீனு."
"பின்னால ஆள் இருக்கே."
"மீனுக்க ஆளு."

சரக்கு வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்றார்.
நல்ல சட்டம்தான். போன வருஷம் கருங்கல் வளைவில்
கவிழ்ந்த வண்டியைத் தூக்கிய கை இது.
நான் மறுத்துப் பேசவில்லை.
"எல்லாரும் எறங்கு. பஸ்ல போ."

பஸ் வந்தது.
கண்டக்டர் படியில் நின்றே கையை விரித்தான்:
"ஆள் மட்டும் கேறு. கூடை லோடு. லோடு ஏத்த மாட்டோம்."

கூடையை விட்டால் ஆள் போகலாம்.
ஆளை விட்டால் கூடை போகலாம்.
தலையும் கூடையும் சேர்ந்த ஒன்றுக்கு
இந்த ரோட்டில் வண்டி இல்லை.

எட்டுப் பேர் இறங்கி நின்றார்கள்.
மிக்கேலம்மை இறங்கவில்லை.
"சாரே, நான் எறங்கினா இது மீனில்ல.
விக்க ஆளில்லாத மீனுக்குப் பேரு நாத்தம்.
நாத்தம் ஏத்தினா கேஸ் உண்டுமா?"

ஏட்டு சிரிக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தை
பானெட்டின் மேல் விரித்து
ஏற்றி வந்தது என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றி
அப்படியே நின்றார்.
பஸ் போய்விட்டது.
ஐஸ் உருகிப் பின் டயரில் வடிந்துகொண்டிருந்தது.
கடைசியில் எழுதினார்:
மீன், மற்றும் பலர்.

ஐநூறு ரூபாய்.
இருட்டில் பெண்கள் கணக்குப் போட்டார்கள்.
தலைக்கு இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.
கூடைக்கு இருபத்தைந்து.
இரண்டு கூடை வைத்திருந்த செலஸ்தீனாள்
இடுப்புப் பையிலிருந்து ஐம்பதை எடுத்து
ஈரத்தை உதறிக் கொடுத்தாள்.

மார்த்தாண்டம் சந்தை. விடிந்திருந்தது.
"எறக்கு, எறக்கு" என்று கத்தினான் சுமட்டுக்காரன்.
கூடைகளை இறக்கினார்கள்.
பெண்கள் இறங்கினார்கள்.
இடையில் ஒரே ஒரு மெல்லெழுத்து.
அதன் விலை என் சட்டைப்பையில்
ரசீதாக மடிந்திருந்தது.

பதினொன்றரைக்கு மிக்கேலம்மை வந்தாள்.
கூடைக்குள் கூடை, அதற்குள்
அரைக்கிலோ கத்திரிக்காய், ஒரு குப்பி பினாயில்.
குழாயடியில் முகம் கழுவியிருந்தாள்.
பின்பக்கம் போகாமல்
முன்கதவைத் திறந்து, கேறி உட்கார்ந்து, சாத்திக்கொண்டு
ஆட்டோவில் கேட்பதுபோலக் கேட்டாள்:
"தேங்காப்பட்டணம். சவாரிக்கு எவ்வளவு?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். காலி.
சாவியைத் திருகினேன்.
கூடைக்கு என்ன ரேட் என்று தெரியும்.
இதற்கு இந்த வண்டியில்
இதுவரை யாரும் கேட்டதில்லை.